எல்லையம்மனிடம் கேட்ட படிப்பு

என் மகள் கட்டடக்கலை படித்து முடித்து, வேலைக்கும் போய்விட்டு, மறுபடி படிக்கப் போகிறேன் என்றாள். ஊரைத் திட்டமிடுகிற படிப்பாம். எங்கே ரோடு, எங்கே வீடு, எந்த வழியாகத் தண்ணீர் ஓட வேண்டும் என்று ஊரையே யோசித்து வரைவது. எனக்குப் பிடித்துப்போனது. எங்கள் ஊரை யாரும் யோசித்து வரையவில்லை என்பது ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்று பார்த்தாலே தெரியும்.

இரண்டு இடத்தில் சீட் வந்திருந்தது. ஒன்று வண்டலூருக்கு அந்தப் பக்கம், தனியார் பல்கலைக்கழகம். காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். இன்னொன்று வடக்கே, சர்க்கார் நடத்துவது. இந்தப் படிப்புக்கு அதுதான் பேர் போனது என்று அவள் ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள். எதில் சேர்வது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

அவள் அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளும் போய்விட்டால் நான் ஒருத்தி. அதை அவள் சொல்லவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. வாசலில் வாடகைக்கு விட்டிருக்கிற கடைகளை நானே பார்த்துக்கொள்கிறேன். படிப்பு என்று பார்த்தால் பஸ் போர்டை எழுத்துக்கூட்டுகிற அளவுதான். அதற்காக யார் முன்னாலும் நான் குனிந்து நின்றதில்லை. "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை வண்டலூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனோம். வானம் மூடாக்காக இருந்தது. உள்ளே ஆள் நடமாட்டம் இல்லை. நடக்க நடக்க எங்களுக்கு முன்னால் விளக்குகள் தானாக எரிந்தன. கடந்து போனதும் பின்னால் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன. நான் திரும்பிப் பார்த்தபோது வந்த வழி முழுக்க இருட்டு. அந்த நேரம் பார்த்து மிருகக்காட்சி சாலைப் பக்கமிருந்து சிங்கம் உறுமியது. சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சுக்குள் இறங்கியது.

"இன்னாடி இது?"

"சிங்கம்மா. இங்க தினமும் கேக்குமாம்."

தினமும் சிங்கம் கேட்கிற இடத்தில் உட்கார்ந்து என்னத்தைப் படிப்பது என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டூடியோ என்று ஒரு பெரிய கூடம். ஒரு பெண்ணும் ஒரு பையனும் அட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நடு மேஜையில் வெள்ளை அட்டையிலேயே ஓர் ஊர்.

"வாங்க பாட்டி, பாருங்க," என்றாள் அந்தப் பெண்.

"பாட்டியா? அம்மான்னு கூப்டு. எனக்குப் பேரப்புள்ள கெடையாது."

பையன் சிரித்தான். எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லி, அதைத்தான் பரீட்சைக்காகச் செய்திருக்கிறோம் என்றான். என் மகள் விரலாலேயே நடந்து கோயிலைத் தாண்டி, வளைவில் திரும்பி, எங்கள் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். மாடிப்படி கூடச் சரியாக இருந்தது. அத்தனை தெரு, அத்தனை வீடு, ஓர் ஆள் இல்லை. எங்கள் பின்கட்டில் மட்டும் ஒரு பொம்மை. சுண்டுவிரல் நகம் அளவு. முகம் கிடையாது. நின்றுகொண்டிருந்தது.

"இன்னாமா, ஊரே காலி, எங்க வூட்ல மட்டும் ஆளு?"

"டிரோன் போட்டோவப் பாத்துப் பண்ணோம்மா. போட்டோல அங்க ஒரு ஆள் நிக்கறாங்க. மத்த வீட்ல யாரும் வெளிய இல்ல."

கம்ப்யூட்டரில் அந்தப் படத்தையும் காட்டினாள். மேலிருந்து எடுத்தது. எங்கள் பின்கட்டில், துணி காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில், ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து நீளமாக ஒரு நிழல். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. எப்போது எடுத்தது என்று என் மகள் கேட்டாள். சித்திரையில், கத்திரி வெயிலுக்கு முன்னால் என்றான் பையன்.

"நீதாம்மா அது," என்றாள் மகள். "நான் ஆபீஸ் வேலையா கோயம்புத்தூர்ல இருந்தப்போ."

சித்திரை முழுக்க நான் திருமுடிவாக்கத்தில் என் தங்கை வீட்டில் இருந்தேன். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போனவள், மாதம் முடிந்துதான் திறந்தேன். மகளிடம் சொல்லவில்லை. தனியாக இருக்க முடியாமல் ஓடிவிட்டேன் என்று நினைப்பாள். அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுப்பதில்லை.

படத்தை இன்னொரு தரம் பார்த்தேன். இடுப்பில் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"நான்தான். துணி போட்டுக்கினு இருந்திருப்பேன்," என்றேன்.

பஸ்ஸில் தாம்பரம் தாண்டிய பிறகு, "நான் இங்கயே சேந்துடறேன்மா. அந்த அட்டை ஊர்லயே நீ ஒருத்திதான் நின்னுட்டு இருக்க. பாக்க முடியல," என்றாள் மகள்.

"பொம்மையப் பாத்துட்டுப் படிப்ப முடிவு பண்ணுவியா?"

"அப்ப அம்மன் கிட்ட கேப்போம்."

எங்கள் ஊரில் கல்யாணமோ நிலமோ, எதற்கும் எல்லையம்மனிடம் பூ கேட்பது வழக்கம். மறுநாள் காலையில் சிவப்பு அரளியை ஒரு பொட்டலமாகவும் வெள்ளை நந்தியாவட்டையை ஒரு பொட்டலமாகவும் நானே கட்டிக்கொண்டு போனேன். சிவப்பு வந்தால் வண்டலூர், வெள்ளை வந்தால் வடக்கு. பூசாரி குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். மகள் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள்.

சிவப்பு.

அவள் முகத்தில் நிம்மதியைப் பார்த்தேன். அது ஆசைப்பட்டது கிடைத்த நிம்மதி இல்லை. ஆசையை விட்டுத் தொலைத்தாயிற்று என்கிற நிம்மதி. எனக்குப் பொறுக்கவில்லை.

"இவ யாருடி?" என்றேன்.

"என்னம்மா, அம்மன்."

"எல்லையம்மன். எல்லையக் காக்கறவ. அவகிட்டப் போயி எல்லையத் தாண்டிப் போவட்டுமான்னு கேட்டா இன்னா சொல்லுவா? போவாதன்னுதான் சொல்லுவா. அது அவ வேல."

பூசாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, பூ கேட்டுட்டு மாத்தக் கூடாது. ஆகாது."

"நம்ம கேட்டதே தப்பான எடத்துல. பூ கட்டிக்கினு வந்தவ நானு. ஆகாதது இன்னா இருந்தாலும் என் தலையில வரட்டும்."

காற்றே இல்லை. ஆனால் கோயில் மணியின் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. பூசாரியும் அதைப் பார்த்தார். நான் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணைத் திருப்பவில்லை, நானும் திருப்பவில்லை.

"போன எடு. வடக்க வரேன்னு எழுது."

"மா, நீ தனியா…"

"ஊரெல்லாம் உள்ள பூந்துகினு இருந்தப்பக்கூட நான் ஒருத்தி வெளிய நின்னுக்கினு இருந்தேன்னு நீயே பாத்தியே. எனக்கு இன்னாடி பயம்?"

அவள் சிரித்துவிட்டாள், கண் கலங்க. கோயில் வாசலிலேயே நின்று போனில் பதில் அனுப்பினாள். அனுப்பி முடித்ததும் பத்து வயசுப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஹாஸ்டல், ஸ்வெட்டர், அங்கே கிடைக்கிற சாப்பாடு என்று வழி முழுக்கப் பேச்சு.

வீடு வந்தது.

"நீ இங்கயே நில்லு," என்றேன்.

"ஏன்மா?"

"சொன்னா கேளு. செருப்ப நல்லாக் கழுவிட்டு வா."

அவள் குழாயடிக்குப் போனாள். நான் பூட்டைத் திறந்து, கூடத்தைக் கடந்து, பின்கட்டுக் கதவின் தாழை நீக்கினேன். வெயில் சுள்ளென்று இருந்தது. காற்று இல்லை, கொடியில் துணி இல்லை, படத்தில் ஆள் நின்ற இடத்தில் யாரும் இல்லை. கொடி மட்டும் யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. அது நிற்கிற வரைக்கும் பார்த்தேன்.

பிறகு கதவைச் சாத்திவிட்டு, "உள்ள வாடி," என்று கூப்பிட்டேன்.