புல்லுருவி என்று நினைத்த பூ

யுத்த காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் எங்கள் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு ஒன்றைப் பொருத்தினார்கள். அதில் எழும் வாயுவில்தான் எஞ்சின் ஓடும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே அதை நான் ஓட்டினேன். மேடு வந்தால் நின்றுவிடும். கண்டக்டர் அடுப்பைக் கிளறி அனல் ஏற்றும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. இறங்கிச் சாலையோர இலுப்பை மரங்களுக்குக் கீழே நடப்பேன்.

அங்கேதான் அந்தப் பூவைப் பார்த்தேன். கிளையில் விரல் கனத்தில் வெள்ளை வேர்கள். மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட இதழ்கள், நடுவில் ஊதா நாக்கு. வாசனை கீழே நிற்பவரையும் எட்டியது.

"புல்லுருவிப்பா. மரத்தையே தின்னுடும்," என்றார் கண்டக்டர்.

ஒரு தரம் அரியலூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போக என் மனைவியும் அந்த பஸ்ஸில் வந்தாள். வண்டி நின்றதும் தாழ்ந்த கிளை ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "இது புல்லுருவி இல்லீங்க. வேரு பட்டைமேல ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு, உள்ள போகல. மரத்துக்கு ஒண்ணும் ஆவாது."

அந்தக் கோடையில் கரி ஏற்ற, மரத்தைச் சுட்டுக் கரியாக்கும் மூட்டத்துக்குப் போனேன். வெட்டிப்போட்ட இலுப்பைக் கிளைகளில் அதே செடிகள் வாடிக் கிடந்தன.

"இலுப்பையையுமா வெட்டுறீங்க?" என்று மூட்டம் போடுபவரிடம் கேட்டேன்.

"கருவேலம் கிடைக்கலண்ணே. உங்க வண்டி எதுல ஓடுதுன்னு நெனச்சீங்க?"

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, பட்டையோடு நான்கு செடிகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை மண்தொட்டியில் நட்டேன், அழுகிப்போனது. மற்ற மூன்றையும் மனைவி வாழைநாரால் முற்றத்து வேம்பில் கட்டினாள். வண்டி எடுக்கும் முன்பு தண்ணீர், வந்ததும் தண்ணீர். வழியிலெல்லாம் வேர் பிடித்திருக்குமா என்றே மனது அடித்துக்கொண்டது. இரண்டு செடிகள் கறுத்துவிட்டன.

"சும்மா இருங்களேன்! ஊத்தி ஊத்தியே கொன்னுட்டீங்க," என்று அவள் சொம்பைப் பிடுங்கி உள்ளே வைத்தாள்.

சாலையில் காய் பிடித்த செடியோடு ஒரே ஒரு இலுப்பை மிஞ்சியிருந்தது. மூட்டம் போடுபவரைக் கெஞ்சினேன். "காய் வெடிக்கிறவரைக்கும் அதை விட்டுடுங்கண்ணே." விடுகிறேன் என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நடையிலும் அந்த மரம் நிற்கும் வளைவு நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்ப்பேன். பத்துப் பதினைந்து நாள் நின்றது. ஒரு காலையில் அடிக்கட்டை மட்டும் தெரிந்தது. வண்டியை நிறுத்தித் தேடினேன். மிதிபட்ட காய் ஒன்று கிடைத்தது. பிரித்தால் உள்ளே பிஞ்சு விதை, மாவுபோல ஈரமாக. முற்றவே இல்லை.

அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. அன்றைக்கும் அவர் கரியில்தான் அரியலூர் போய்ச் சேர்ந்தேன்.

வேம்பில் இருந்த செடி இரண்டு மழைக்காலம் கழித்துப் பூத்தது. மனைவி அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டினாள். நான் காயை எதிர்பார்த்துத் தினமும் ஏணி வைத்து ஏறினேன். பூ உதிர்ந்தது. அடுத்த வருஷமும் அப்படித்தான். காய் பிடிக்க அந்தப் பூவுக்கு வரவேண்டிய வண்டு எது, அது எங்கள் முற்றத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு யாரையும் தெரியவில்லை.