க்ரீமைத் திட்டியது தப்பு

பருத் தழும்பு மறைய, முகத்தில் நுண்ணிய ஊசிகளால் குத்தும் மைக்ரோ நீட்லிங் செய்துகொண்டேன். வாசனை கலக்காத க்ரீம்தான் பூச வேண்டுமென்று டாக்டர் சொன்னதால், தேடிப்பிடித்து வாங்கினேன். மறுநாள் பாகூரிலிருந்து தவளக்குப்பத்துக்கு ஸ்கூட்டியில் வேலைக்குப் போய் இறங்குவதற்குள், முகம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. க்ரீமைத் திட்டித் தீர்த்தேன்.

வெயிலுக்காக முகத்தில் கட்டியிருந்த துப்பட்டாவை அவிழ்த்ததும், உடன் வேலை செய்யும் செல்வி பதறினாள். "இன்னாடி, மூஞ்சி இப்படி செவந்து கெடக்குது? துப்பட்டால இன்னா இவ்ளோ சென்ட் வாசனை?"

மகள் வாசமாகப் போகட்டுமென்று, துணிக்கு ஊற்றும் வாசனை லிக்விடில் அம்மா அதை அலசியிருந்தார்.

டாக்டர் போனில் சொன்னபடி முகத்தை வெறும் தண்ணீரில் கழுவினேன். சாயங்காலம் எரிச்சல் அடங்கியது. அம்மாவின் அழுகைதான் அடங்கவில்லை.

இப்போது அந்தத் துணியை நானே வெறும் தண்ணீரில் அலசுகிறேன். ஆனாலும் கிளம்பும்போது அம்மா அதை வாங்கி, முகர்ந்து பார்த்த பிறகுதான் தருகிறார்.