கிளெம்மின் இரண்டாவது பந்து

சேத் ஆர்மராடுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. அறுபத்து மூன்று வயதில் இனிமேலா கற்றுக்கொள்ளப் போகிறார்! வீட்டுக்குப் பின்னாலிருந்த மரக்கொட்டகையில் அவர் மாட்டிக்கொண்டது இந்த ஒரு குறையால்தான்.

லங்காஷயரின் அந்த மில் ஊரில், மாலையானால் ஆண்கள் மேட்டுப் புல்தரையில் பந்து உருட்டப் போய்விடுவார்கள். பழைய பந்துகளெல்லாம் லிக்னம் என்கிற இரும்பாட்டம் கனத்த மரத்தில் கடைந்தவை. தண்ணீரில் போட்டால் கல்லாட்டம் முழுகும். ஆளுக்கு ஒரு ஜோடி. பிளாஸ்டிக் பந்து வந்ததும் அவை கட்டிலடிக்குப் போயின. வார்ப்படத்துக்கு மரஅச்சு செய்துகொண்டிருந்த சேத், வேலை போன பிறகு தன் பழைய பந்து ஒன்றைக் கடைந்து கொட்டாப்புளி ஆக்கினார். உளியை எத்தனை அடி அடித்தாலும் அதன் முகத்தில் ஒரு தழும்பு விழாது. போதாதா! அன்றிலிருந்து ஊரில் யார் செத்தாலும், மறுவாரம் பெண்டாட்டிக்காரி இரண்டு பந்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். மகனுக்குக் கொட்டாப்புளி வேண்டும், மருமகனுக்கு உளிப்பிடி வேண்டும். சேத் தலையாட்டினார்.

தலையாட்டினால் ஒரு வருஷம் போச்சு. மேல்தோலைச் சீவியதும், உள்ளே அடைபட்டுக் கிடந்த ஈரம் வெளியே வரப் பார்க்கும். அவசரப்பட்டால் மரம் வெடிக்கும். முரட்டாகக் கடைந்து, மெழுகு பூசி, தேதி எழுதி, முழுசாக ஒரு வருஷம் அலமாரியில் போட்டு வைக்க வேண்டும். அதற்குள் இன்னொருத்தர் போய்ச் சேர்ந்துவிடுவார்.

அவர் மனைவி ஐடா முப்பது வருஷம் தறி ஓட்டியவள். பஞ்சுத்தூசி நெஞ்சில் குடியேறிவிட்டது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். கடல்காற்றுக்குக் கூட்டிப்போ என்று டாக்டர் சொல்லி நாலு வருஷமாயிற்று.

“அலமாரில இருக்கிறது காஞ்சதும் போயிடலாம் ஐடா.”

“உன் கட்டை காயறதுக்குள்ள நான் காஞ்சிடுவேன்.”

மே மாதம் கிளெம் டக்ஸ்பரி செத்தான். அவன் மனைவி பெஸ்ஸி, தச்சுவேலை பார்க்கும் மகனுக்கு ஒரு கொட்டாப்புளி கேட்டாள். இரண்டாவது பந்தைக் கூலியாக வைத்துக்கொள்ளச் சொன்னாள். சேத் தலையாட்டியதை ஐடா அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

ஆகஸ்டில் கடலோரத்தில் ஒரு சின்ன வீடு காலியானது. செப்டம்பர் முடிவதற்குள் வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்களாம். ஐடா கெஞ்சவில்லை, அழவில்லை. தேநீர்க் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள். அந்தக் காகிதச் சத்தம் கொட்டகைவரை கேட்டது.

கொடுக்க வேண்டிய பாக்கி கிளெம்முடையது மட்டும்தான். நாலே மாதம் காய்ந்த அந்தக் கட்டையில் சேத் மெழுகைச் சுரண்டினார். துளை போட்டார், கைப்பிடி ஏற்றினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அரைகுறை வேலையைப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார். வெட்கமாக இருந்தது அவருக்கு.

மூட்டை முடிச்செல்லாம் வேனில் ஏறிய காலையில் பெஸ்ஸி ஓடிவந்தாள். கையில் கொட்டாப்புளி. முகத்திலிருந்து பிடிவரை பிளந்திருந்தது.

“சேத், பாரேன் நான் பண்ண காரியத்தை! பையன் பிறந்தநாளுக்குக் குடுக்கலாம்னு கணப்பு மேல வெச்சேன். நெருப்புச் சூட்டுல வெடிச்சிடுச்சு. என் மேலதான் தப்பு, இல்ல?”

உண்மையைச் சொன்னால், வேறொன்று செய்து கொடுக்க இங்கேயே இருக்கவேண்டும். இருந்தால் இன்னொரு வருஷம், அந்த வீடும் போய்விடும். சேத்தின் வாய் திறந்தது. பிளந்த மரத்தை வாங்கக் கையும் நீண்டது.

“ஆமா பெஸ்ஸி, சூடு பட்டா வெடிக்கும்தான்” என்றாள் ஐடா, வேனின் முன்சீட்டிலிருந்து. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அவள் பொய் சொல்லி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

பெஸ்ஸி கொட்டாப்புளியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். சேத் அவளைக் கூப்பிடவில்லை. வேன் ஏறினார்.

கடலோரத்தில் ஐடா நாலாவது நாள் படியை ஒரே மூச்சில் ஏறினாள். ஏறி வந்தவள், பின்னறையில் அவர் கடைசல் எந்திரத்தை நிறுத்தியிருப்பதைப் பார்த்தாள். ஜன்னல் விளிம்பில் மெழுகு பூசிய ஒற்றைக் கட்டை. மேலே அடுத்த அக்டோபர் என்று தேதி.

“யாரோடது?”

“கிளெம்மோடது. இன்னொண்ணு.”

“இங்க வந்தும் உன்னை விடலையா அது?”

“இல்ல, ஐடா.”

அவள் கட்டையைத் தூக்கிப் பார்த்தாள், கனத்தது. இரண்டு கையாலும் பிடித்து அதே இடத்தில் வைத்தாள்.

“கொண்டுபோய்க் குடுக்கிறப்ப நானும் வருவேன். நெருப்பு மேல பழி போட்டவ நான்தானே, நானே சொல்லணும்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “அப்ப முழுசா ஒரு வருஷம் நான் இருந்தாகணும், என்ன?”

சேத் தலையாட்டினார்.