துவைக்கக் கூடாத சட்டை

இலங்கை மலைநாட்டில், எல்ல என்ற ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் மூன்று வருடம் துணி துவைத்தேன். ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணிய பிள்ளைக்கு இது ஏற்ற வேலையா என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பலரும் கவலைப்பட்டார்கள். கவலைப்பட்ட ஒருவரும் வேறு வேலை வாங்கித் தரவில்லை என்பதால் நான் துவைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டாயிரங்களின் தொடக்கம். சண்டை நின்றிருந்த காலம். வெள்ளைக்காரர்கள் ரயிலில் வந்து இறங்குவார்கள், அழுக்குத் துணியை மூட்டையாக என் கையில் கொடுப்பார்கள், மலை பார்க்கப் போவார்கள். அவர்கள் மலையைப் பார்த்தார்கள். நான் அவர்களுடைய பனியன்களைப் பார்த்தேன்.

கெஸ்ட் ஹவுஸ்காரர் யாழ்ப்பாணத்து மனிதர். பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சண்டையால் ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் எல்லவில் ஆறு அறைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோருக்கும் அவர் ஐயா. குளிரோ மழையோ, காலையும் மாலையும் தலைக்கு முழுகுவார். முழுகாமல் சாப்பிட உட்காருகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பசி போய்விடும். அப்படிப்பட்டவர் ஏன் சுற்றுலாத் தொழிலுக்கு வந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு வெள்ளைக்காரர் மூன்று வாரம் தங்க வந்தார். ஐம்பது வயதிருக்கும். மலையேறுகிறவர்கள் படிக்கும் ஏதோ ஒரு பத்திரிகைக்கு எழுதுகிறவராம். முதல் நாள் மாலை, வழக்கம்போல அறைக் கதவைத் தட்டித் துவைக்க ஏதும் உண்டா என்று கேட்டேன். இரண்டு காற்சட்டையும் காலுறைகளும் தந்தார். போட்டிருந்த சாம்பல் நிற முழுக்கைச் சட்டையை மட்டும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இது மெரினோ. இருபத்தோரு நாள் இதே சட்டையில் நடக்கப் போகிறேன். துவைக்காமல். அதுதான் என் கட்டுரை."

மெரினோ என்பது ஓர் ஆட்டினம் என்றும், அதன் ரோமம் தலைமுடியைவிட மெல்லியது என்றும், வெயிலில் குளுமை, குளிரில் சூடு, வியர்த்தாலும் நாறாது என்றும் வாசலிலேயே நிற்க வைத்து விளக்கினார். கெம்பஸுக்குப் படிக்கப் போன மகனைப் பற்றிப் பேசும் தகப்பன் மாதிரி அந்த ஆட்டைப் பற்றிப் பேசினார். சம்பளத்துக்குத் துணி துவைப்பவளிடம் துவைக்காமல் இருப்பதன் மகிமையைச் சொல்கிறோமே என்ற எண்ணம் அவருக்கு வந்த மாதிரி தெரியவில்லை. சமையல்காரர் அன்றைக்கே அவருக்குக் 'கம்பிளித் தொரை' என்று பெயர் வைத்துவிட்டார்.

பொய் சொல்லக் கூடாது, முதல் நான்கு நாள் அந்தச் சட்டை நாறவில்லை. எல்ல பாறைக்கு ஏறி இறங்கினார், ரயில் பாதை வழியே மைல் கணக்காக நடந்தார், ஒன்றுமில்லை. மத்தியானம் திரும்பி வந்ததும் அதைக் கழற்றி அறைக்குப் பின்னால் இருந்த கொடியில் போடுவார். இழை மூச்சுவிட வேண்டுமாம். பிறகு வேறொரு டீ சேர்ட்டில் சாப்பிட்டுவிட்டு நாலரை மணிவரை தூங்குவார். அதன்பின் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு, கொப்பியில் அன்றைய வாசனையைப் பற்றி எழுதுவார்.

ஐந்தாம் நாள் ஆடு தோற்றுவிட்டது. ஆறாம் நாள் காலைச் சாப்பாட்டின்போது பக்கத்து மேசைத் தம்பதி தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்கள். தோட்டத்தில் தூறிக்கொண்டிருந்தது.

ஐயா என்னைச் சமையலறைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்ச வாரும். அந்த மனுசன்ர சேட் மணக்குது."

"தெரியுங்க ஐயா."

"நீர் நாறுறீர் எண்டு ஒரு விருந்தாளியிட்டச் சொல்லேலாது. நீர் ஒண்டு செய்யும். மத்தியானம் அவர் படுத்தாப் பிறகு அதை எடுத்துத் தோய்ச்சுப் போடும்."

"துவைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே ஐயா."

ஐயா சற்று யோசித்தார். முப்பது வருடம் அரசாங்கச் சுற்றறிக்கைகளுக்கு விளக்கம் சொன்ன மனிதர்.

"அவர் தோய்க்கக் கூடாது. நீர் தோய்க்கலாம்."

கம்பளியைத் துவைக்க எனக்குத் தெரியும். முன்பெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்குக் கறுப்புக் கம்பிளி கொடுப்பார்கள். மழை நாளில் அம்மா அதைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் கொழுந்து பறிப்பார். வீட்டுக்கு வந்ததும் அதைப் பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் போடுவது என் வேலை. அது சாக்கு மாதிரி இருக்கும். இது பட்டு மாதிரி இருந்தது. சவர்க்காரம் போடப் பயமாக இருந்ததால், நான் தலைக்குப் போட வைத்திருந்த ஷாம்பூ பாக்கெட் ஒன்றைக் கிழித்து ஊற்றினேன். அழுக்குத் தண்ணீரின் நிறத்தை இங்கே எழுதப் போவதில்லை. எல்லவின் காற்றில் அவர் எழும்புவதற்குள் காய்ந்துவிட்டது. அவர் மாட்டியிருந்த அதே இடத்தில், அதே இரண்டு கிளிப்பில் மாட்டிவிட்டேன்.

மாலையில் தேநீர்த் தட்டோடு விறாந்தைக்குப் போனபோது, மனிதர் சட்டையை மூக்கில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"இங்கே வா. முகர்ந்து பார். என்ன தெரிகிறது?"

முகர்ந்தேன். என் தலைமுடி வாசனை.

"ஏதோ பூ மாதிரி..."

"அதேதான்! நேற்று இருந்த வாடை இன்று இல்லை. தன்னைத் தானே சுத்தம் செய்துகொண்டு, மலைப் பூக்களின் வாசனையை எடுத்துக்கொண்டிருக்கிறது!" கொப்பியில் வேகவேகமாக எழுதினார். ஐயா பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சலனமில்லாமல், சுத்தமான ஆங்கிலத்தில், "திறமையான ஆடு" என்றார்.

அதன்பின் இது வழக்கமாகிவிட்டது. பதினோராம் நாள் மத்தியானம் முழுவதும் மழை. சட்டை காயவில்லை. வேறு வழியில்லாமல் சமையலறை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். சமையல்காரர் அந்த நேரம் பார்த்துத்தான் பருப்புத் தாளித்தார். மழைக்கு உள்ளே எடுத்து வைத்தேன் என்று சொல்லி அவரிடம் கொடுத்தேன். அன்று இரவுச் சாப்பாட்டு மேசையில் கம்பிளித் தொரை தன் குறிப்பை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். மலைநாட்டுக் கிராமங்களின் விறகுப் புகையையும் வாசனைத் திரவியங்களின் நறுமணத்தையும் இழை உள்வாங்கி, வியர்வையை வெளியே தள்ளிவிட்டதாம். தோட்டத்துக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போன தம்பதிகூடக் கை தட்டினார்கள்.

மறுநாள் ஐயாவிடம் போனேன்.

"பாவமா இருக்குங்க ஐயா. அவர்கிட்ட சொல்லிடலாமே. பொய்யை எழுதிக்கிட்டுப் போகப் போறாரு."

"அவர் சந்தோசமா இருக்கிறார். மற்ற ஆக்களும் உள்ளுக்க இருந்து சாப்பிடினம். இதில ஆருக்கு நட்டம், சொல்லும்?"

நான் போய் மற்ற அறைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தேன்.

மூன்றாவது வாரம் அவருக்கு நமுனுகுல மலை ஏற வேண்டும் என்று ஆசை வந்தது. என் வீடு அந்த அடிவாரத்துத் தோட்டம்தான் என்று ஐயா உளறிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகிறவள் அவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. காலை பஸ்ஸில் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா பசறை டவுனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவருதானா நீ சொன்ன கம்பிளித் தொரை?"

அவர் உடனே சட்டைக் கையை நீட்டி, தொட்டுப் பார்க்கச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

"மெரினாவா? அது மெட்ராஸ் பீச்சு இல்லையா?"

"மெரினோம்மா. ஆட்டு ரோமம்."

"ஆட்டு ரோமத்துலயா இவ்ளோ நைசா?" அம்மா விரலுக்கிடையில் துணியைத் தேய்த்துப் பார்த்தார். "ஏன்டி, மூணு வாரமா இந்த ஒரு சட்டையைத்தான் போட்டுக்கிட்டு இருக்காருன்னியே?"

"ஆமாம்மா."

அம்மா உள்ளே போய், அப்பா கோயில் திருவிழாவுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் எடுத்துக்கொண்டு வந்தார். "பாவம், இதக் குடு. தூர தேசத்துல வந்து இப்படி இல்லாம இருக்காரே."

மொழிபெயர்ப்பில் எனக்கு அன்றைக்குச் சிறு தடுமாற்றம் ஏற்பட்டது. "அம்மா உங்களைக் கௌரவிக்க விரும்புகிறார்" என்று சொல்லிவிட்டேன். மனிதர் நெகிழ்ந்து போனார். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றாத குறையாகப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வருடத் திருவிழாவுக்கு அப்பா நீலச் சட்டையில் போனார்.

தேயிலை முடிந்து, புல்வெளி முடிந்து, காட்டுக்குள் ஏறினோம். அட்டைகள் வரவேற்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. உச்சியை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. என் குடை முதல் காற்றிலேயே கம்பி முறிந்து போயிற்று. பருத்திச் சுரிதார் உடம்போடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பல் கிட்டத் தொடங்கிவிட்டது. கை விரலை மடக்க முடியவில்லை. அவரும் சொட்டச் சொட்ட நனைந்துதான் இருந்தார். ஆனால் வீட்டு முற்றத்தில் நிற்பவர் மாதிரி நின்றார்.

என்னைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து இன்னொரு மெரினோ சட்டையை எடுத்தார். "ஈரத்தைக் கழற்றிவிட்டு இதைப் போடு" என்று சொல்லி, திரும்பி நின்றுகொண்டார். பாறைக்குப் பின்னால் போய் மாற்றினேன். அதுவும் நனைந்துவிட்டது. ஆனால் நனைந்த பிறகும் சூடு போகவில்லை. முதலில் நெஞ்சில், பிறகு தோளில், பிறகு கை விரல்வரை சூடு வந்தது. இருபத்தைந்து வருடம் மழைக்குள் நின்று கொழுந்து பறித்த அம்மா ஞாபகத்துக்கு வந்தார். கம்பிளி கொடுப்பதும் நின்று போய், இப்போது அவர் போர்த்துவது ஒரு பொலித்தீன் துண்டு. எனக்கு அழுகை வந்தது. மழையில் அது தெரியவில்லை.

இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றுகிறோமே என்று அங்கேயே சொல்லிவிடத் தீர்மானித்தேன்.

"சார், உங்கள் சட்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்..."

"தெரியும், தெரியும்!" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. "உனக்கும் ஆச்சரியமாக இருக்கிறது, இல்லையா?" கொப்பியை எடுத்தவர், அது நனைகிறது என்று கண்டு மறுபடி பைக்குள் வைத்தார். என் உண்மையும் அதோடு உள்ளே போய்விட்டது.

லயத்துக்கு இறங்கி வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தார். "தொப்பலா நனைஞ்சிருக்க, ஒடம்பு சுடுதே. காச்சலா?"

"இல்லம்மா. சட்டை."

நம்பாமல் நெற்றியையும் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். "இந்த மாதிரி ஒண்ணு இருந்தா கொழுந்து மலைக்குப் போட்டுக்கலாமே" என்றார். மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. நான் இந்தத் தடவை ஒரு வார்த்தையும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். சட்டையை அம்மாவே வைத்துக்கொள்ளட்டும் என்று தொரை சொல்லிவிட்டார். அடுத்த மழைக்காலம் முழுவதும் அம்மா அதை உள்ளே போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது, பெண்கள் வரிசையாக வந்து கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்களாம். முழங்கை கிழிந்தது, ஒட்டுப் போட்டார். மறுபடி கிழியும்வரை போட்டார்.

இருபத்தோராம் நாள் தொரை கிளம்பிப் போனார். மொத்தம் நான்கு தடவை துவைத்திருந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்தப் பத்திரிகை தபாலில் வந்தது. ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் வாசித்தார். மலைப் பூ வாசனைக்கு ஒரு பந்தி. விறகுப் புகைக்கு ஒரு பந்தி. அட்டைகளுக்கு அரைப் பக்கம். தங்கள் பாரம்பரிய வெள்ளாடையைத் தந்து கௌரவித்த தேயிலைத் தொழிலாளிப் பெண்ணுக்கு ஒரு படம். நனைந்தாலும் சூடாக இருந்தது என்ற உண்மைக்கு, தேடிப் பார்த்ததில், ஒரேயொரு வரி.

அதைப் படித்துவிட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆறு அறையும் நிரம்பியது. எல்லோரிடமும் மெரினோ. ஒருவரும் துவைக்கத் தரவில்லை. கொடியில் படுக்கை விரிப்புகள் மட்டும் ஆடின. ஒரு பெண் எட்டாம் நாள் என்னிடம் தனியாக வந்து, சட்டையை நீட்டி, "இது எப்போது சரியாகும்?" என்று கேட்டாள். பதினோராம் நாள்வரை பொறுக்கச் சொன்னேன். அவளுடையதையும் துவைத்துவிடலாம் என்றுதான் ஐயா நினைத்தார். ஆனால் அவள் அதைத் தூங்கும்போதும் கழற்றவில்லை. ஒன்பதாம் நாள் கடற்கரைப் பக்கம் போய்விட்டாள். அந்த வாரம் ஐயா தன் சாப்பாட்டை அறைக்குள்ளேயே எடுத்துக்கொண்டார்.

படுக்கை விரிப்புகளைத் தவிரத் துவைக்கத் துணி இல்லாததால் என்னை வரவேற்பு மேசையில் உட்கார வைத்தார்கள். அங்கே படிக்க நேரம் கிடைத்தது. பரீட்சை எழுதினேன். ஆசிரியர் நியமனம் வந்தது. சொல்லிவிட்டுப் போக ஐயாவிடம் போனேன்.

"நல்லது பிள்ளை, சந்தோசம்" என்றார். பிறகு முகம் வாடியது. "நீர் போனா இஞ்ச ஆர் தோய்க்கிறது?"

"இப்ப யாருங்க ஐயா துவைக்கக் குடுக்குறாங்க?"

"என்ர வேட்டியள்?"

இரண்டு வேட்டியையும் ஒரு துவாயையும் அலசிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் பதுளை பஸ் ஏறினேன்.