கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போன பட்டுப்பாவாடை

எங்கள் தெருவில் ஒருவர் கடனில் மூழ்கிவிட்டால், அவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார் என்பார்கள். அப்பா கொடுக்கப்போகிறார் என்ற பேச்சு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. கல்யாணப் பத்திரிகையைப் போல நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வீடு வீடாகப் போய்க் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் ஒரு விசேஷம் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்பா பிள்ளையார்பாளையத்தில் நெசவாளி. பட்டும் ஜரிகையும் கடனுக்கு வாங்கி, பக்கத்து வீட்டுத் தறிகளுக்கும் வேலை கொடுத்துவந்தார். சேலைகளை எடுத்துக்கொண்டு போன வியாபாரி ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டுக் காணாமல் போனார். ஜரிகை கொடுத்தவர் காணாமல் போகவில்லை; காலையிலும் மாலையிலும் எங்கள் வாசலில்தான் இருந்தார். கோர்ட்டில் அப்பாவின் திவால் மனுவை ஏற்றுக்கொண்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. தள்ளிவிட்டால் அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார். எங்கள் வீட்டுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

விசாரணை நாளில், வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆளில்லை என்று என்னையும் கூட்டிப்போனார்கள். அன்று காலை அம்மா செய்த காரியத்தை எங்கள் ஊர்க்காரர்களால்தான் செய்ய முடியும்.

“பெரிய மனுசங்க இருக்கிற எடம். கந்தலும் கிழிசலுமாவா போவறது?” என்று சொல்லி, பெட்டியிலிருந்து என் பட்டுப்பாவாடையை எடுத்தாள்.

மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. தறியில் ஏற்றிய பாவு நூல் முடியும்போது இன்னொரு சேலைக்குப் போதாமல் கொஞ்சம் மிஞ்சும். அதில் வீட்டுப் பெண்ணுக்கு ஏதாவது நெய்து கொடுப்பது எங்களிடையே வழக்கம். அப்பா எனக்கு அப்படி நெய்து கொடுத்தது அது. “அசல் ஜரிகைமா. உன் பேத்தி கட்டினாலும் கறுக்காது” என்று சொல்லித் தந்திருந்தார். திவாலான குடும்பம் பெண்ணுக்குப் பட்டு உடுத்திவிட்டுக் கோர்ட்டுக்குக் கிளம்பியது. மூன்று பேரில் ஒருவருக்கும் அதில் தப்பாக எதுவும் படவில்லை.

முதலில் எங்கள் ஊர் கோர்ட்டுக்குத்தான் போனோம். மரத்தடியில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் அப்பா நீட்டிய தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னாபா, இங்க வந்து நின்னுக்கினு இருக்க? இது செங்கல்பட்டு கோர்ட்டு கேஸு. ஓடு ஓடு, பேரு கூப்ட்டுடப் போறாங்க.”

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு, பக்கத்தில் அப்பா. பகல் வெளிச்சத்தில் அவர் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. தறிக்குழியில் உட்கார்ந்தால் எனக்குத் தெரிவது முதுகுதான். வாலாஜாபாத் தாண்டியதும் பாலாறு தெரிந்தது. வெறும் மணல்.

“ஆத்துல தண்ணியே இல்லியேப்பா?”

“அதுவும் நோட்டீஸ் குடுத்துடுச்சிமா.”

“வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல” என்றாள் அம்மா, முன் சீட்டிலிருந்து திரும்பாமலே. அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

செங்கல்பட்டில் கோர்ட் கட்டடத்துக்குள் எங்கள் அறையைக் கண்டுபிடித்தது நான்தான். எங்கள் வீட்டில் பலகையைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். கதவு கதவாக நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். பின்னால் அப்பாவும் அம்மாவும் செருப்புச் சத்தம் கேட்காமல் வந்தார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த மிடுக்கு, பிற்பாடு பட்டம் வாங்க மேடையேறியபோதுகூட இல்லை.

உள்ளே எங்கள் வக்கீல் காத்திருந்தார். அப்பா கூண்டில் ஏறினார். ஜரிகைக்காரரின் வக்கீல் கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னார். வீடு? வாடகை சார். நகை? எல்லாம் அடகுல போச்சு சார். கையில்? ஒண்ணும் இல்ல சார். வக்கீல் மெதுவாகத் திரும்பி, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டினார்.

“அது யாருப்பா?”

“எம்பொண்ணு சார்.”

“ஒண்ணுமே இல்லாதவரோட பொண்ணு கோர்ட்டுக்கே பட்டும் ஜரிகையுமா வந்திருக்கு. நல்ல திவால்!”

எல்லோரும் சிரித்தார்கள். “பாவு மிச்சத்துல நெய்ஞ்சது சார். ஜரிகை ஒண்ணும் பெரிசா...” என்று அப்பா ஆரம்பித்தார். அவர் பயத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். பலகை படித்துக் கூட்டிவந்தவள் நான். இதையும் நானே சரிசெய்துவிடலாம் என்று எழுந்து நின்றேன்.

“அசல் ஜரிகை! எங்கப்பா போலி ஜரிகையைத் தொடவே மாட்டாரு!”

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். ஜரிகைக்காரரின் முகம் மலர்ந்தது. எங்கள் வக்கீல் நெற்றியைத் தடவிக்கொண்டார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னப்பா, குழந்தை சொல்றது நிஜமா?”

அப்பா நீதிபதியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். நீதிபதி இன்னொரு முறை கேட்கவேண்டியதாயிற்று.

“இல்லீங்கய்யா. போலி ஜரிகைதான். கொழந்தைக்கு... தெரியாது.”

மனுவை ஏற்றுக்கொண்டார்கள். வெளியே வந்ததும் எங்கள் வக்கீல், “பொழைச்சீங்க போங்க. பொண்ணே உள்ள தள்ளியிருக்கும்” என்று சிரித்தார். அம்மா தாலிக்கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் நான் அம்மா மடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். பின் சீட்டில் எனக்காக ஜன்னலோரத்தை விட்டு உட்கார்ந்திருந்தார் அப்பா. யார் வந்து கேட்டாலும், “ஆள் வருதுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த மாதமே அப்பா ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். நான் எழுந்திருப்பதற்குள் கம்பெனி பஸ் வந்து போய்விடும். பகலெல்லாம் வீட்டில் தெரிந்த அந்த முதுகுகூட அதன்பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. பாவாடையைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பேச இப்போது அவரும் இல்லை. வேலை விஷயமாகச் செங்கல்பட்டு பஸ் ஏறும் நாட்களில் பக்கத்து சீட் காலியாக இருந்தால், சற்று நேரம் யாரையும் உட்காரவிட எனக்கு மனம் வருவதில்லை.

போலியை அசல் என்று அப்பா என்னிடம் பொய் சொல்லிவிட்டார் என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குப் புரிந்தது. ஊரார், கடன்காரர், நீதிபதி எல்லோர் முன்னாலும் தன்னிடம் ஒன்றுமில்லை என்று தயங்காமல் சொன்ன மனிதருக்கு, என் முன்னால் சொல்ல மட்டும் ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்பது புரியவில்லை.