பங்களாச் செடியும் பரிசப் பேச்சும்

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்பா போன பிறகு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தேன். ஹட்டனில் மூங்கில் தட்டிக்குள் தொடங்கிய கடையைக் கல் கட்டடமாக்கினேன். லயத்தில் பிறந்தவனுக்கு லாரி எதற்கடா என்று சிரித்தவர்களின் மூட்டையை என் லாரியில்தான் ஏற்றினேன். ஒரே தங்கச்சியை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தேன். எல்லாம் இந்தக் கையால் ஆனது. ஆனால் தங்கச்சி கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் மட்டும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அப்போது நாங்கள் இருவரும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில்தான் இருந்தோம். தோட்டத்துத் துரையின் பங்களாவில் அவர் மனைவி துரைசாணி ஒரு செடி வளர்த்தார். தரையோடு படரும், கரும்பச்சை இலை. பனியில் கருகாது, மழையில் அழுகாது. இங்கிலீஷில் ஏதோ பெயர் சொன்னார்கள், என் வாயில் நிற்கவில்லை. தோட்டக்காரர் வெட்டிப் போட்ட கொடிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நட்டேன். மற்ற வாசல்களில் கறிக்கு ஆகிற போஞ்சியும் லீக்சும்.

"திங்கவும் ஆவாது, சாமிக்கும் ஆவாது. தொரை வீட்டுச் செடின்னா தொரை ஆயிருவியாடா?" என்று பக்கத்துக் காம்பரா மாமா கேட்டார்.

நான் சாணியும் சருகும் போட்டு வளர்த்தேன். மண் கண்ணுக்குத் தெரியாதபடி கம்பளி போல மூடிவிட்டது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கினிகத்தேனையிலிருந்து தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தார்கள். முதல்நாள் நல்ல மழை. வந்தவர்களை உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிறுத்தி, மாப்பிள்ளையின் அம்மாவிடம், "செருப்பக் கழட்டிட்டு இது மேல நின்னு பாருங்கம்மா, மெத்தை மாதிரி இருக்கும்" என்றேன். அவர்களும் நின்றார்கள்.

உள்ளே தங்கச்சி தேத்தண்ணி நீட்டும்போது அந்த அம்மா அலறினார். கெண்டைக்காலில் ரத்தம் குடித்து நாவல்பழம் அளவுக்கு உப்பிய அட்டை. விரலிடுக்கில் இன்னொன்று. எல்லாம் ஈரச் செடிக்குள் கிடந்தவை. பாயெல்லாம் ரத்தம். தங்கச்சி உப்பை எடுத்து ஓடிவந்தாள். வாசலிலிருந்து மாமாவின் குரல்: "பரிசம் போடுறதுக்கு முன்னாடியே ரத்த சொந்தம் ஆயிருச்சுடோய்!"

லயமே சிரித்தது. அந்த அம்மா மட்டும் பொறுமையாக, "பொண்ணப் புடிச்சிருக்கு தம்பி. நாங்க மறுபடி வரணும்ல, அதுக்குள்ள இந்தச் செடிய எடுத்துருங்க" என்றார்.

சரி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு: "அட்டை எங்கதாம்மா இல்ல? இந்தச் செடிக்கு நான் பட்ட பாடு ஒங்களுக்குத் தெரியுமா?"

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். தங்கச்சி, கட்டியிருந்த நல்ல சேலையோடு, மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள்.

"அண்ணே, செடிதான் வேணும்னா சொல்லிருங்க. நானும் இங்கயே ஒங்க வாசல்ல வேர்விட்டுக் கெடக்குறேன்."

பதிலுக்கு நிற்கவில்லை. இறங்கி வெட்டத் தொடங்கினாள். கணுவுக்குக் கணு வேர், எளிதில் வராது. சேலை முழங்கால்வரை சேறு. வந்தவர்கள் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செடிக்கும் அவளுக்கும் நடுவில் நான் யோசித்து நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. பிறகு சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நானும் குனிந்தேன்.

அந்த மாதமே பரிசம் போட்டார்கள். இப்போது தங்கச்சி பிள்ளைகள் விசேஷ வீடுகளில் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். அவர்கள் மாமாவான நான் மரம் மாதிரி நின்றேனாம், அவர்கள் அம்மா ஒருத்தியே எல்லாவற்றையும் பிடுங்கினாளாம். அது பொய். வாசலை ஒட்டித் தண்ணீர் ஓடும் கான் ஓரம் முழுவதும், அதாவது சரிபாதி, நான் பிடுங்கியது. கை கிழிந்து பிடுங்கினேன். நின்றதைச் சொல்லுங்கள், சிரியுங்கள், எனக்கு வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாதியையும் என் பேரில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.