சிவகாசியில் ஓர் இத்தாலிக் கோழி

சமையல் மாஸ்டர் வேலையில் ஒரு சங்கடம் உண்டு: சாப்பிடுகிறவர் முகத்தை நாம் பார்ப்பதில்லை, ஆனால் அவர் சொன்னது மட்டும் எப்படியாவது அடுப்படிக்கு வந்து சேர்ந்துவிடும். உங்களில் யாராவது சம்பளத்துக்குக் கரண்டி பிடித்தவர் என்றால், நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குச் சொந்த ஊர் ஆமத்தூர். சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் மேல்நாட்டுச் சமையல் பக்கம் வருஷக்கணக்கில் நின்றுவிட்டு, இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஊர்ப்பக்கம் திரும்பினேன். சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் அண்ணாச்சி ஒருவர் அப்போதுதான் திருத்தங்கல் ரோட்டில் ஏசி ஹோட்டல் திறந்திருந்தார். ஆர்டர் பிடிக்க பம்பாய் போன இடத்தில் அவர் ஓர் இத்தாலிக் கோழி சாப்பிட்டிருக்கிறார். அது இங்கேயும் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். அதற்குப் பேர் சிக்கன் பிக்காட்டா. கோழியின் நெஞ்சுக்கறியை மெல்லிசாகத் தட்டி, மைதாவில் புரட்டி, வெண்ணெயில் பொரித்து எடுத்துவிட வேண்டும். பிறகு அதே சட்டியில் பூண்டு, கோழிச்சாறு, எலுமிச்சம்பழம் சேர்த்துச் சுண்டவைத்து, கறியின் மேல் ஊற்றிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை என்று நானும் நம்பித்தான் சேர்ந்தேன்.

மிச்சக் கோழி

முதல் வேலையாகக் கறிக்கடைக்குப் போனேன். நெஞ்சுக்கறி மட்டும் வேண்டும், எலும்பு கூடாது, தோல் கூடாது, துண்டு போடாமல் முழுசாக வேண்டும் என்றேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். ஹோட்டலுக்கு என்றதும் அவருக்கு இன்னும் குழப்பம். எலும்பில்லாத கறியை எதைக் கடித்துச் சாப்பிடுவார்கள் என்று கேட்டார். தினமும் வாங்குவேன் என்று உறுதி சொன்ன பிறகுதான் அறுத்தார். அதைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுக்கும்போது சொன்னார்:

"நெஞ்சை மட்டும் நீங்க கொண்டு போயிருதீக, மாஸ்டர். மிச்சக் கோழிய நான் யார்கிட்டச் சொல்லி விக்க?"

சட்டி

இந்தச் சமையலில் ருசி முழுக்கச் சட்டியின் அடியில் இருக்கிறது. கறி பொரிந்த இடத்தில் பழுப்பாக ஒட்டியிருக்குமே, அதைக் கோழிச்சாறு விட்டுச் சுரண்டிக் கரைத்தால்தான் குழம்புக்கு உயிர். முதல் நாள் கறியைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் அடுப்பில் சட்டி இல்லை. பாத்திரம் கழுவும் பாண்டியம்மாள் அக்கா அதைத் தொட்டிக்கு எடுத்துப் போய், தேங்காய் நாரால் பளபளவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியே அண்ணாச்சியும் அவருடைய சம்பந்தியும் இலை போடாத மேஜையில் காத்திருக்கிறார்கள்.

வேறு வழியில்லாமல் இன்னொரு துண்டைப் பொரித்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்த ஒட்டல்தான் ருசி என்று அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணாச்சிக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"அடிப்பிடிச்ச சட்டியக் கழுவி அந்தத் தண்ணியத்தானய்யா குடுக்கீக ஊருக்கு?"

கலர்

ஆரம்பத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் அச்சகக்காரர்கள். காலண்டர் வேலைக்கு நடுவே இரண்டு இரண்டு பேராக வருவார்கள். பரிமாறுகிற முத்துராஜ், பிக்காட்டா என்று சொல்லிப் பார்த்துச் சலித்து, எலுமிச்சங்கோழி என்றே சொல்லிப் பழகிவிட்டான். ஒருநாள், நாலு கலரை ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டிப் படம் அச்சடிக்கிற ஆப்செட் மெஷின்காரர் ஒருவர் தட்டோடு அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, அச்சான தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மஞ்ச மட்டுந்தான் ஓட்டியிருக்கீக, மாஸ்டர். மத்த மூணு கலரும் எப்ப ஓடும்?"

தீ

பட்டாசு லோடு எல்லாம் போய், தீபாவளியும் முடிந்து, கம்பெனிகள் அடைத்திருந்த வாரம். வருஷம் முழுக்க வேலை பார்த்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வருகிற நேரம் அதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹோட்டல் நிறைந்துவிட்டது. பம்பாயில் சட்டிக்குள் பிராந்தி ஊற்றிக் கொளுத்திக் காட்டினார்களாம். அண்ணாச்சி அதையும் இங்கே செய்யச் சொன்னார். ஜனங்கள் பார்க்கிற மாதிரி கூடத்தின் நடுவில் ஓர் அடுப்பையும் போட வைத்தார். இந்த ஊரில் அது வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தேன். ஊரே பார்க்கிற வேடிக்கையாக இருக்கும் என்றார். முதலாளி அவர்.

ஊற்றினேன். சட்டியைச் சாய்த்ததும் தீ குபீரென்று என் தலை உயரத்துக்கு எழும்பியது.

யாரும் கத்தவில்லை. அதுதான் இன்னமும் எனக்கு நினைவிருக்கிறது. நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் அள்ளினார்கள். ஒருவரையொருவர் இடிக்காமல், திரும்பிப் பார்க்காமல், கூடம் முழுக்கக் காலியானது. பிராந்தித் தீ அதற்குள் தானாகவே அணைந்திருந்தது. அப்படியும் பாண்டியம்மாள் அக்கா பின்பக்கமிருந்து ஓடி வந்து, தீயணைக்கச் சுவரில் தொங்கவிட்டிருந்த சிவப்பு வாளி மண்ணை அப்படியே சட்டியில் கொட்டிவிட்டு, அவரும் வெளியே ஓடினார். அவர் ஒரு காலத்தில் பட்டாசு வேலைக்குப் போனவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கோழியும் மண்ணுமாக இருந்த சட்டியைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் உள்ளே நின்றேன். மேஜைகளுக்கு அடியில் செருப்புகள் கிடந்தன.

வெளியே போனால், எல்லோரும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வெறுங்காலோடு நின்றார்கள். அவரவர் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுப்புக்கு ஆகப் பக்கத்து மேஜையில் இருந்தவர், பட்டாசுக்குள் வெடிமருந்து அடைக்கும் வேலை பார்ப்பவர். அவர் மனைவி மைல்கல்லில் உட்கார்ந்திருந்தார். மகளை மடியோடு இறுக்கிப் பிடித்திருந்தார். அண்ணாச்சி கும்பிட்ட கையோடு போய், அது சும்மா வேடிக்கைக்காக என்றார். அந்த மனிதர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்:

"நாங்க நெருப்புக்கு லீவு விட்டுட்டுத்தான், மாஸ்டர், இங்கன சாப்பிட வந்தோம்."

மறுநாள்

திங்கட்கிழமை ஒருவரும் வரவில்லை. கூடத்து அடுப்பை அண்ணாச்சியே ஆள் வைத்துக் கழற்றினார். இத்தாலிக் கோழியே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். சென்னைக்கே திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அப்போது மைல்கல்லில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு செருப்பு எடுக்க வந்தார். நான்கு ஜோடியையும் பைக்குள் போட்டுக்கொண்டவர், உடனே கிளம்பவில்லை. நேற்று அந்தக் கோழியைச் சாப்பிடத்தான் பிள்ளை ஆசையாக வந்தாளாம். அதைத் தூக்கிக் கொட்டிவிட்டீர்களா என்று விசாரித்தார்.

உட்காருங்கள், செய்து தருகிறேன் என்றேன். உட்கார மாட்டேன் என்றார். எப்படிச் செய்கிறேன் என்று பார்க்க வேண்டுமாம். அடுப்படி வாசலில், மகளின் கையைப் பிடித்தபடி நின்றார். பர்னரைச் சிறிதாக வைத்து, கறியைப் பொரித்தேன். பாண்டியம்மாள் அக்கா சட்டியை எடுக்கவில்லை. தொட்டிப் பக்கமே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வெண்ணெயைப் போட்டதும் வாசம் வந்தது. மகளின் கையை விட்டுவிட்டு, அந்த அம்மா மெல்ல உள்ளே வந்து சட்டியை எட்டிப் பார்த்தார்.

ரொட்டி வைத்தேன், மகள் தொடவில்லை. அக்கா எங்களுக்கு வடித்திருந்த சோற்றில் கொஞ்சம் கொண்டுவந்து போட்டார். அந்த மஞ்சள் சாற்றை ஊற்றிப் பிசைந்து இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். அந்த அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு. இம்புட்டு சாதுவான சாப்பாட்டுக்கு எதுக்கு மாஸ்டர் அந்தத் தீயக் காட்டுனீக?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தெருவே வந்து அந்தக் கோழியைச் சோற்றோடு கேட்டது. அண்ணாச்சியும் மறுபேச்சில்லாமல் போடச் சொல்லிவிட்டார். நெருப்பு சட்டிக்குக் கீழே மட்டும் இருந்தால் போதும் என்று எனக்குப் புரிய, பாருங்கள், ஓர் ஊரே செருப்பில்லாமல் ரோட்டில் நிற்க வேண்டியிருந்தது.